வீட்டு நாய்க்கு வலிப்பு: அச்சம் தவிர்த்து ஆராய்ந்து முடிவெடுப்போம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வாயில் நுரை தள்ளத் துடித்து விழும் நாய்க்கு எமது மக்கள் இட்ட பெயர் ஒன்றே: விசர் நாய். அடுத்த கணம் பொல்லுகள் வெளிவரும். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. விசர்நாய்க் கடி நோயின் குணங்குறிகள் தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் பிரித்தானியாவின் நாய்களிடையே இந்நோய் 1922 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இலண்டனில் எமது வீடொன்றின் வரவேற்பறையில் நாயொன்று விழுந்து துடிக்கின்றதெனில், அது பெரும்பாலும் மனிதருக்கு வரும் காக்காய் வலிப்பை ஒத்த மூளை நோயே. அது தொற்றாது. அதற்கு மருந்தும் உண்டு.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குள் நாய் நுழைவது பெரும்பாலும் பிள்ளைகளின் பிடிவாதத்தினால்தான். நோய் வந்ததும் செலவும் பொறுப்பும் பெற்றோர் தலையில் விழுகின்றன. வைத்தியர் கூறுவதைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க, அரைகுறையாக விளங்கிக்கொண்டு முடிவெடுக்கும் நிலையும் நேர்கின்றது. ஆகவே, இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

நோயின் தன்மை

மூளையின் நரம்புக் கலங்களில் மின்னியக்கம் திடீரெனக் கட்டுமீறுவதே வலிப்பு. பிரித்தானிய மிருக வைத்திய நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆயிரம் நாய்களில் ஏறத்தாழ ஆறுக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. வேறெந்தக் காரணமும் புலப்படாத பரம்பரை வகை வலிப்பு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தலைகாட்டும். லபிறடோர், போடர் கொலி, ஜேர்மன் ஷெப்பேட், பீகிள் முதலிய இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகின்றது.

எல்லா வலிப்பும் இவ்வகையின எனக் கொள்ளலாகாது. இரத்தத்தில் சீனி குறைதல், ஈரல் நோய், மூளைக் கட்டி, நச்சுப் பொருட்கள் ஆகியனவும் வலிப்பை ஏற்படுத்தும். பிள்ளைகள் கொடுக்கும் சொக்கலேற்றும், சீனியற்ற சூயிங்கத்தில் இடப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பும் நாய்க்கு நஞ்சு. எனவே இரத்தப் பரிசோதனையே முதற்படி. எம்.ஆர்.ஐ. படமும் முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனையும் எல்லா நாய்க்கும் கட்டாயமானவையல்ல. முதல் வலிப்பு மிக இளமையிலோ முதுமையிலோ வந்தாலும், வலிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் நடையோ பார்வையோ பிசகியிருந்தாலும், அவற்றின் தேவை கூடுகின்றது.

வலிப்பு வரும் வேளையில்

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கம் எமது ஊர்களில் இருந்தது. அதனால் மனிதருக்கும் பயனில்லை, நாய்க்கும் பயனில்லை. நாய் தன் நாக்கை விழுங்கிவிடும் என அஞ்சி வாய்க்குள் கை வைப்பவர் கடியுண்பது நிச்சயம். நாக்கை விழுங்குதல் நிகழ்வதில்லை. மேசை, நாற்காலிகளை விலக்கி, மாடிப்படியிலிருந்து நாய் உருளாது பார்த்து, விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்ப்பதே செய்யவேண்டியது. முடியுமாயின் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்தியருக்குக் காட்டலாம். சொற்களால் விளக்க முடியாததை அப்படம் விளக்கும். ஆங்கிலம் தடுமாறுவோருக்கு இது பேருதவி.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், 24 மணிநேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை வந்தாலும் அது அவசர நிலை. உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். பிரித்தானியாவில் மிருக வைத்தியர்கள் இரவிலும் விடுமுறையிலும் அவசர உதவிக்கு ஒழுங்கு செய்திருக்கவேண்டும் என்பது அவர்களது தொழில் விதி. அந்த இரவு இலக்கத்தை முன்கூட்டியே கேட்டு வைத்தல் நன்று. வலிப்பு அடங்கிய பின்னர் நாய் சிறிது நேரம் கண் தெரியாததுபோல் அலையும். வீட்டாரையே அடையாளம் காணாது கடிக்கவும் கூடும். பிள்ளைகளை அப்போது அண்டவிடலாகாது.

மருந்து எப்போது?

ஒரு தடவை வலிப்பு வந்தவுடன் வாழ்நாள் மருந்து தொடங்கவேண்டும் என்பதில்லை. பன்னாட்டு மிருக நரம்பியல் வல்லுநர் குழு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஆறு மாதத்துள் இரண்டு அல்லது மேற்பட்ட வலிப்புகள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு, அடுத்தடுத்துத் தொடரும் வலிப்பு, வலிப்பின் பின்னான கடும் பாதிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் மருந்து தொடங்கலாம். ஒவ்வொரு வலிப்பின் திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துவருவோருக்கே இக்கணக்கு கைகூடும்.

மருந்துகளின் வரலாறு இந்நகரத்தோடும் அகதி வாழ்வோடும் பிணைந்தது. விக்ரோறியா மகாராணியின் பிரசவ வைத்தியரான சேர் சார்ள்ஸ் லோகொக், 1857 இல் இலண்டன் மருத்துவர் சபையொன்றில் புறோமைட்டின் பயனை எடுத்துரைத்தார். வலிப்புக்கு உண்மையாகப் பயன்பட்ட முதல் மருந்து அதுவே. 1912 இல் ஜேர்மனியில் அல்பிறெட் ஹோப்ற்மன் என்னும் இளம் வைத்தியர் பீனோபாபிற்றோன் வலிப்பைக் கட்டுப்படுத்துவதைக் கண்டறிந்தார். யூதராகப் பிறந்த அவரை நாற்சி அரசு பதவியிலிருந்து நீக்கிச் சிறையிலிட்டது. நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1948 இல் அமெரிக்காவில் மறைந்தார். அந்த அகதி வைத்தியரின் மருந்துதான் இன்றும் நாய் வலிப்புக்கு முதன்மையானது.

பீனோபாபிற்றோன் நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு மணிநேர இடைவெளியில் கொடுக்கப்படுவது. முதலிரு வாரங்கள் நாய் தள்ளாடும், தூங்கிவழியும். பின்னர் பசியும் தாகமும் கூடும். ஈரலைப் பாதிக்கக்கூடியதாதலால் காலத்துக்குக் காலம் இரத்தப் பரிசோதனை வேண்டும். திடீரென நிறுத்தினால் முன்னரிலும் கடுமையான வலிப்பு வரக்கூடும். 'நாய் சுகமாகிவிட்டது' எனத் தாமாகவே குளிசையை நிறுத்துவது ஆபத்து. வீட்டில் மனிதருக்குரிய வலிப்புக் குளிசை இருப்பின் அதை நாய்க்குப் பங்கிடுவதும் கூடாது.

2013 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற இமெப்பிற்றொயின், மயக்கமும் பக்க விளைவும் குறைந்தது. ஆயினும் அடுத்தடுத்துத் தொடரும் வலிப்புக்கு அதனை நம்பியிருத்தல் இயலாது. லெவெற்றிறசெற்றம் ஈரலுக்குத் தீங்கு குறைந்தது. ஆனால் வழமையான குளிசையை எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டும். தந்தை பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, தாய் அதிகாலையில் துப்புரவு வேலை என வாழும் வீட்டில் இது எளிதன்று. கொடுக்க இயலாத மருந்து எவ்வளவு சிறந்ததாயினும் பயனற்றதே. ஆகவே வேலை நேரத்தை வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும்.

பொற்றாசியம் புறோமைட்டைப் பொறுத்தவரை எமது சமையலறை குறுக்கிடுகின்றது. உணவில் உப்புக் கூடினால் சிறுநீரகம் புறோமைட்டை விரைந்து வெளியேற்றும். மருந்தின் வலுக் குறைந்து வலிப்பு மீளும். உப்புத் திடீரெனக் குறைந்தால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். ஆகவே, இன்று கருவாட்டுக் குழம்புச் சோறு, நாளை பப்படம், மறுநாள் வெறும் நாய்த்தீன் என மாற்றி மாற்றிக் கொடுக்கும் வழக்கத்தை முற்றாகக் கைவிடல் வேண்டும்.

கம்டன் ரவுணில் 1791 இல் தொடங்கப்பட்ட றோயல் மிருக வைத்தியக் கல்லூரி, உணவு குறித்தும் ஆய்ந்துள்ளது. மருந்தோடு, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்ந்த சிறப்புணவையும் உண்ட 21 நாய்களில், மூன்றுக்கு வலிப்பு முற்றாக நின்றது. ஏழுக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஆறுக்கு எப்பயனும் இல்லை. 2015 இல் வெளியான இம்முடிவைக் கேட்டுத் தேங்காயெண்ணெயை ஊற்ற முனைய வேண்டாம். இவ்வகைக் கொழுப்புத் தேங்காயெண்ணெயில் ஓரளவே உண்டு. மிகுந்த எண்ணெய் நாயின் கணையத்துக்கும் கேடு.

செலவும் மனச்சாட்சியும்

காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவதில்லை. நோய் வருமுன் எடுத்ததே உதவும். மருந்தை வைத்தியரிடமே வாங்கவேண்டும் என்பதுமில்லை. எழுத்து மூலமான மருந்துச் சீட்டைக் கேட்டுப்பெற்று, வேறிடத்தில் விலை விசாரித்து வாங்கலாம். சீட்டுக்கென ஒரு கட்டணம் இருக்கலாம். வறியவரின் விலங்குகளுக்கென மரியா டிக்கின் அம்மையார் 1917 இல் வைற்சப்பலின் நிலவறையொன்றில் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ., 1897 இல் தோன்றிய புளூ குறொஸ் முதலிய தொண்டு நிறுவனங்கள் உள. அரச உதவிப்பணமும் வசிக்கும் இடமும் அவற்றின் தகுதி விதிகளுள் அடங்கும். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் அவ்விதிகளை முதலில் விசாரித்தல் நன்று.

மருந்தின் நோக்கம் வலிப்பை முற்றாக ஒழிப்பதென எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். மாதம் ஒன்றாக வந்தது நான்கு மாதத்துக்கு ஒன்றாக அருகுவதும் வெற்றியே. பல நாய்கள் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன. ஒரு பகுதி நாய்களில் இரண்டு மருந்து சேர்த்தும் நோய் அடங்குவதில்லை. வலிப்புகளுக்கு இடையே நாய்க்கு வாழ்வென்று ஒன்று எஞ்சவில்லையெனில், வைத்தியர் கூறும் நோவற்ற முடிவை ஏற்பது கொலையாகாது. எனினும் முதல் வலிப்பைக் கண்ட பதற்றத்தில், அல்லது அயலவர் சொல்லுக்கு அஞ்சி, அம்முடிவுக்கு விரைவது அறமாகாது. பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லியே எதையும் செய்தல் வேண்டும். சொல்லாமற் காணாமற்போனவர்களை நிறையவே கண்ட சமூகம் எமது.

இன்னொன்றையும் சொல்லவேண்டியுள்ளது. நாயின் வலிப்பை வைத்தியரிடம் தயங்காது கூறும் வீடுகளே, பெண்பிள்ளைக்கு வலிப்பென்றால் கலியாணம் குழம்பும் என மூடி மறைக்கின்றன. இரண்டும் மூளையின் நோயே. இரண்டுக்கும் மருந்துண்டு; மறைப்பதனால் இரண்டுமே முற்றும். நாய்க்குக் குளிசை கொடுக்கும் நேரத்தை மறவாத குடும்பம், மனிதரின் குளிசையையும் ஒளிக்காது மேசைமேல் வைக்கப் பழகுமாயின், அந்த நாய் எமக்குச் செய்த உபகாரம் சிறிதன்று.