எலும்புக்கும் ஓய்வு வேண்டும்!

ஒரு சிறிய பெருக்கல் கணக்குடன் தொடங்குவோம். ஒரு சிறுவன் நாளொன்றுக்கு 2,500 டென்னிஸ் பந்துகளை அடிக்கிறான். வாரத்திற்கு எத்தனை? 17,500. ஆண்டுக்கு எத்தனை? ஏறத்தாழ 9 லட்சத்து 10 ஆயிரம். பத்து லட்சத்தை நெருங்கிவிட்டதல்லவா?

இது பாடநூலில் வரும் கற்பனைக் கணக்கு அன்று. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் வாழ்ந்த மைக் அகாசி என்பவர் தம் ஏழு வயது மகனுக்காகப் போட்ட கணக்கு. இவர் 1948, 1952 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் ஈரான் நாட்டின் சார்பில் குத்துச்சண்டை போட்டவர். மகனுக்குப் பந்து வீச ஓர் எந்திரத்தைத் தாமே மாற்றியமைத்து வைத்திருந்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பந்துகளை அடிக்கும் பையனை யாராலும் வெல்ல முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் 8 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்ற ஆந்த்ரே அகாசி. ஆனால் 2009ஆம் ஆண்டு வெளிவந்த தம் சுயசரிதையில் அவர் ஒரு செய்தியைச் சொல்லி உலகை வியப்பில் ஆழ்த்தினார். டென்னிஸைத் தாம் வெறுத்ததாக எழுதியிருந்தார்!

தந்தையின் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. ஒவ்வோர் அடியும் உடலில் ஒரு சிறு தேய்மானத்தை உண்டாக்குகிறது. அதைச் செப்பனிட உடலுக்குக் குறிப்பிட்ட காலம் வேண்டும். மற்றப் பாதி அதுதான். அந்தப் பாதியை இப்போது காண்போம்.

ஜெம் கிளிப் கற்பிக்கும் பாடம்

காகிதங்களைச் செருகி வைக்கும் ஜெம் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் கம்பியை நேராக்கிக் கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். எவ்வளவு பலம் கொடுத்தாலும் அறாது. இப்போது அதன் நடுப்பகுதியை முன்னும் பின்னுமாக மெல்ல வளையுங்கள். சில முறை வளைத்ததும் பட்டென்று ஒடிந்துவிடும். கண்ணருகே வைத்துச் செய்ய வேண்டாம். ஒடிந்த முனை சுடும், குத்தும்.

இழுத்தபோது அறாத கம்பி, அதைவிட மிகக் குறைந்த பலத்தில் வளைத்தபோது ஏன் ஒடிந்தது? ஒவ்வொரு வளைவிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. மீண்டும் மீண்டும் வளைக்கும்போது அவை நீண்டு ஒன்று சேர்கின்றன. இதனை உலோக அயர்வு என்பர்.

இதன் முக்கியத்துவத்தை உலகம் ஒரு பெரும் விபத்தின் மூலம் உணர்ந்தது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக் கொண்டிருந்த ரயிலின் இஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓடிய ஒவ்வொரு மைலும் அந்த அச்சைச் சிறிது சிறிதாக அயரச் செய்திருந்தது. பின்னர் ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1850களிலும் 60களிலும் ஆயிரக்கணக்கான முறை அச்சுகளைச் சுழற்றிச் சோதனைகள் செய்தார். ஒரு பொருளை ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பளுவைவிட மிகக் குறைந்த பளுகூடத் திரும்பத் திரும்பச் செயற்பட்டால் அதை உடைத்துவிடும் என்பதை அவர் நிறுவினார்.

எலும்பும் இந்த விதிக்கு விலக்கு அன்று. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட், நெடுந்தூரம் நடைபோட்ட படைவீரர்களின் பாதங்கள் காரணமின்றி வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். அடிபடவில்லை, விழவில்லை, பின் ஏன் வலி? 1895இல் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பிறகே விடை கிடைத்தது. பாத எலும்புகளில் மெல்லிய முறிவுகள் இருந்தன. இவ்வகை முறிவுக்குத் தகைவு முறிவு என்று பெயர்.

கம்பிக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு

ஜெம் கிளிப்பில் தோன்றிய விரிசல் தானாக ஆறாது. ஆனால் எலும்பு உயிருள்ளது. அதனுள் இரவும் பகலும் ஒரு பழுதுபார்ப்புப் பணி நடைபெறுகிறது. ஒருவகை உயிரணுக்கள் பழுதடைந்த பகுதியை அரித்து அகற்றுகின்றன. வேறொரு வகை அந்தக் குழியில் புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. எந்த இடத்தில் அதிகப் பளு விழுகிறதோ அங்கே எலும்பு கூடுதலாக உறுதிப்படும். 1892இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் பயிற்சி எவ்வளவு மிகுந்தாலும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அரித்து அகற்றும் வேலை ஏறக்குறைய மூன்று வாரங்களில் முடிந்துவிடும். குழியை நிரப்பும் வேலைக்கோ ஏறக்குறைய மூன்று மாதங்கள் தேவை. சாலை போடுபவர்கள் முதலில் பழைய சாலையைத் தோண்டுகிறார்கள் அல்லவா? தோண்டிய சாலையில் அன்றே லாரிகளை ஓட்டினால் என்னவாகும்? பயிற்சியைத் திடீரென உயர்த்திய பின்வரும் வாரங்களில் எலும்பின் நிலையும் அதுவே. வலுப்பெறத் தொடங்கும் எலும்பு முதலில் சற்று வலுவிழக்கிறது. ஓய்வு நாள்களில்தான் அது கட்டப்படுகிறது. ஆகவே ஓய்வைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

வளரும் வயதின் தனிச்சிக்கல்

உங்கள் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றை வளர்ச்சித் தட்டுகள் என்பர். நீங்கள் உயரமாவது அவற்றால்தான். அவை முற்றிய எலும்பைவிட மென்மையானவை. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும் இடத்தில் சிறுவர்களுக்கு இந்தத் தட்டு விலகிவிடக்கூடும். மேலும், உயரம் விரைவாகக் கூடும் பருவத்தில் எலும்பு முதலில் நீள்கிறது. அதில் தாது உப்புகள் படிந்து உறுதியாவது சற்றுப் பின்தங்கியே நடக்கிறது. பயிற்சியாளர், "பையன் நன்றாக வளர்ந்துவிட்டான், இனிக் கூடுதலாக ஓடலாம்" என்று சொல்லும் நேரம்தான் எலும்புகள் மிக எளிதில் பழுதடையும் நேரமும் ஆகும்.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சை எடுத்துக் கொள்வோம். பந்தை விடும் தறுவாயில் முன்காலைத் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு வரையும் அதற்கு மேலும் விசை தாக்குகிறது. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவனின் காலில் 225 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை! அந்த நொடியில் முதுகெலும்பு வளைந்தும் முறுக்கியும் இருக்கிறது. ஜெம் கிளிப்பை நினைவுகூருங்கள்.

ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியப் பயணத்தின்போது முதுகெலும்பில் தகைவு முறிவுக்கு ஆளானார். மாதக்கணக்கில் விலகியிருந்து, உடலைச் சீராக்கிக் கொண்ட பின்பே திரும்பினார். 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்தில் நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவர் இவரே. நம் காலத்தில் ஜஸ்பிரித் பும்ராவும் 2019இல் இத்தகைய முறிவால் விலக நேர்ந்தது. முழு வளர்ச்சி பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், வளர்ச்சி முடியாத 13 வயது முதுகுக்கு?

எண்ணிப் பார்த்தவர்கள்

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசும் பிள்ளைகளின் முழங்கையில் ஒருவகைச் சிதைவு பரவலாகக் காணப்பட்டது. 1960இலேயே மருத்துவர்கள் அதற்குத் தனிப்பெயர் சூட்டிவிட்டனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கையில் அறுவை செய்துகொண்ட 95 இளம் வீச்சாளர்களை, காயமுறாத 45 பேருடன் ஒப்பிட்டனர். ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் வீசியவர்கள் அறுவைக்கு ஆளாகும் வாய்ப்பு 5 மடங்கு. கை அயர்ந்த பின்னும் அடிக்கடி தொடர்ந்து வீசியவர்களுக்கோ 36 மடங்கு! அடுத்த ஆண்டே, 2007இல், லிட்டில் லீக் அமைப்பு பந்துகளை எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது. 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு.

இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் பின்பற்றிய வழிகாட்டுதலில், 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்தாற்போல் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்ற வரம்பு இருந்தது. ஏழு நாள்களில் நான்கு நாள்களுக்கு மேல் வீச வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. அதாவது வாரத்திற்கு அதிகமாகப் போனால் 288 பந்துகள்.

இப்போது 14 வயது மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் தனியார் பயிற்சி நிலையத்தில் 60 பந்துகள். மாலையில் பள்ளி அணிப் பயிற்சியில் 48. ஐந்து நாளில் 540. சனி, ஞாயிறு போட்டிகளில் நாளுக்குப் பத்து ஓவர் வீதம் 120. மொத்தம் 660! மேற்கண்ட வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேல். இதில் யாரைக் குறை சொல்வது? காலைப் பயிற்சியாளர் அறுபதுதான் கேட்டார். பள்ளி ஆசிரியர் நாற்பத்தெட்டுதான் கேட்டார். அவரவர் எண் சிறியதே. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வீட்டில் நடப்பது

பெற்றோரைக் குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. விடியற்காலையில் எழுந்து உங்களைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்பவர்கள் அவர்கள். மட்டையும் காலணியும் வாங்கச் சொந்தச் செலவைக் குறைத்துக் கொள்பவர்களும் அவர்களே. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்காதா என்ற ஏக்கம் இயல்பானதே. ஆனால் அந்த அன்பே ஒரு சுமையாகிவிடுவதுண்டு. "இவ்வளவு செலவு செய்தார்களே, வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?" என்று பிள்ளை வாய்மூடி விடுகிறான். வலி என்பது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடாது.

"அகாசி வென்றாரே!" என்று சிலர் வாதிடலாம். நூறு மின்விளக்குகளை இரட்டை மின்னழுத்தத்தில் எரியவிடுகிறோம் என வைத்துக்கொள்வோம். தொண்ணூற்றொன்பது கருகிவிட்டன, ஒன்று மட்டும் எரிகிறது. அந்த ஒன்றைக் காட்டி, "இரட்டை மின்னழுத்தம்தான் சிறந்தது" என்று கூறலாமா? முறிந்துபோனவர்களின் கதை நம் காதுக்கு எட்டுவதில்லை. மனமும் அயரும். ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990இல் பதினான்கு வயதில் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதிக்கு வந்தார். 1992இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1993இல் பதினேழு வயதில் களத்தை விட்டு விலகினார். இளம் ஆட்டக்காரர்கள் இப்படிச் சோர்ந்து போவதைக் கண்டு, மகளிர் டென்னிஸ் சங்கம் 18 வயதுக்குட்பட்டோர் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கையை 1995 முதல் கட்டுப்படுத்தியது. நீண்ட இடைவெளிக்குப் பின் மெல்லத் திரும்பிய காப்ரியாட்டி, 2001இல் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டம் பெற்றார்.

நார்வே நாட்டில் 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் பிள்ளைகளுக்குத் தேசியப் பட்டப் போட்டி கிடையாது. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே உள்ள அந்நாடு, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பெற்றது. பொறுத்திருந்ததால் அது பின்தங்கிவிடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். நாள்தோறும் எத்தனை பந்து வீசினீர்கள், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று எழுதுங்கள். எல்லாப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கையையும் வாரக் கடைசியில் கூட்டுங்கள். வாரப் பயிற்சி மணிகள் உங்கள் வயதைத் தாண்ட வேண்டாம் என்பது ஆய்வாளர்கள் தரும் எளிய விதி. 14 வயதென்றால் 14 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஒரே விளையாட்டை ஆண்டு முழுதும் ஆடாமல், மொத்தம் மூன்று மாதங்கள் அதற்கு விடுப்பு அளிக்க வேண்டுமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. உறக்கம் 8 முதல் 10 மணி நேரம்.

பயிற்சிக்குப் பின் தசைகளில் பரவலாக வரும் வலி இரண்டு மூன்று நாள்களில் மறையும். அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எலும்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் வலிக்கிறதா? ஆடும்போது மிகுந்து, ஓய்வில் குறைந்து, மறுபடி ஆடியதும் திரும்புகிறதா? இரவிலும் வலிக்கிறதா? உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள். மழை வந்து போட்டி நின்றுவிடாதா என்று மனம் ஏங்கத் தொடங்கினால் அதையும் ஓர் அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

"வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் வீட்டில் சோம்பல் என்று எண்ணக்கூடும். குறிப்பேட்டை விரித்து, "அப்பா, இந்த வாரம் 660 பந்து வீசியிருக்கிறேன், முதுகில் இந்த இடத்தில் பத்து நாளாக வலி" என்று சொல்லிப் பாருங்கள். கூட்டுத்தொகையைக் கண்ணால் கண்ட பின் பெரும்பாலான பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துப் போகவே முனைவார்கள். அவர்கள் விரும்புவதும் பல ஆண்டுகள் ஆடக்கூடிய பிள்ளையைத்தானே! வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால், உடற்கல்வி ஆசிரியரிடமோ வகுப்பாசிரியரிடமோ இந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

இன்று மாலை மைதானத்திலிருந்து வந்ததும் முதல் வரியை எழுதத் தொடங்கலாமே!