பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், பெண்கள் பேட்மிண்டன் காலிறுதி. வலைக்கு இருபுறமும் சீனாவில் பிறந்தவர்கள். ஒருவர் சீனாவின் சியே சிங்ஃபாங். எதிரே ஜெர்மனிக்கு ஆடிய ஷூ ஹுவாய்வென். ஷூ தோற்றார்.

ஆனா சாதாரண ஆட்டக்காரர் இல்லை. 2005, 2006 உலகப் போட்டிகளில் ஜெர்மனிக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தவர். இரண்டு முறையும் தங்கம் இதே சியேவுக்கு. 2006, 2008-ல் ஐரோப்பிய சாம்பியனும் அவர்தான்.

'சொந்த நாட்டை எதிர்த்து ஆடலாமா?' என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; இந்தியாவும் அப்படித்தான். 2024-லிருந்து ஜெர்மனி பழைய பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை, ஆனாலும் நம்ம பாஸ்போர்ட்டை ஒப்படைச்சே ஆகணும். அந்தப் படிவத்தை நிரப்பாமலே வருடங்களை ஓட்டுபவர்கள் இங்கே நம்மில் உண்டு.

அதே காலிறுதியில் பிரான்சுக்கு ஆடிய பி ஹோங்யானும் சீனாவில் பிறந்தவர். அவரும் தோற்றது ஒரு சீன வீராங்கனையிடம், ஜாங் நிங்கிடம்.