நர்சம்மாவுக்குக் கயிறு பிடிப்பது யார்?



ஒரு குழுக் கூட்டத்தில் பேச்சு கொரோனா காலத்துக்குப் போனது. "நர்சுமாருக்கு என்ன, சம்பளம் வாங்குதாங்க, வேலை பாக்காங்க" என்றார் ஒரு அக்கா. பக்கத்தில் இருந்த உறுப்பினரின் முகம் வாடிவிட்டது. அவர் மகள் நர்ஸ். 2020-ல் நைட் டூட்டி முடிந்து வந்த பிள்ளையைத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வரவேண்டாம் என்று சொன்னார்களாம். "ஆஸ்பத்திரில கூட அவ அழல. குழாயடியிலதான் அழுதா. வேலையே வேண்டாம்மான்னு சொல்லிட்டா" என்றார். அன்றைக்குக் கடன் பேச்சு அரைமணி நேரம் தள்ளிப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நம் தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் சொன்னது நமக்கு மறக்கவில்லை. கடலுக்குள் இறங்குகிறவனுக்குப் படகில் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, விட்டுவிடுவானா? மேலே ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இவன் கீழே இறங்குவான்.

நோய் வார்டுக்குள் போகிற நர்சுக்கும் அப்படித்தான். கொரோனாவில் அந்தக் கவச உடையைப் போட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. உப்பளத்து வெயிலில் நிற்கிற நமக்கு அந்த வேர்வை புரியும். அதைக்கூடத் தாங்கிவிடுகிறார்கள். வெளியே வந்ததும் ஊர் ஒதுக்கினால்தான் மனசு உடைகிறது.

2018-ல் கேரளாவில் நிபா வந்தது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி, மே 21 அன்று அதே நோயில் இறந்தார். இரண்டு சின்னப் பையன்களின் தாய். ஊரே கண்ணீர் விட்டது. அதே நாட்களில்தான் அவரோடு வேலை செய்த நர்சுகளை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற்றத் தயங்கினார்கள். செத்தவருக்கு மாலை, உயிரோடு இருப்பவருக்கு ஒதுக்கம். இது என்ன நியாயமோ!

2020 மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நர்சுகள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். பலர் மணிப்பூர் பெண்கள். நோய்ப் பயம், சம்பளக் குறை, அதோடு தங்கிய இடத்தில் பட்ட அவமானம் எல்லாம் சேர்ந்துதான் போனார்கள். அவர்கள் போனதும் கஷ்டப்பட்டது யார்? படுக்கையில் கிடந்த நோயாளிதானே.

அந்த ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் 325 நர்சுகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். மருத்துவமனை நிர்வாகமும் சொந்தபந்தமும் தோழிகளும் துணை நின்றவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பயம் கூடியவர்களுக்கு வேலையை விடும் எண்ணமும் கூடுகிறது என்று அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வு சொன்னது.

ஊர்த் துணை மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021-ல் தமிழக அரசு நர்சுகளுக்கு ரூ.20,000 ஊக்கத்தொகை அறிவித்தது, நல்லது. ஆனால் கொரோனாவுக்காக மாதம் ரூ.14,000 சம்பளத்தில் எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை இல்லை என்றார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆபத்துக்குக் கூப்பிட்டு, ஆபத்து போனதும் அனுப்பினால் அடுத்த தடவை யார் வருவார்கள்? கைதட்டல் அடுப்பில் உலை வைக்காது.

சட்டமும் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2020-ல் திருத்திய கொள்ளைநோய்ச் சட்டப்படி, தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரை அடித்தால் மட்டுமல்ல, அவர் குடியிருக்கவோ வேலை செய்யவோ முடியாதபடி தொல்லை கொடுத்தாலும் குற்றம். 3 மாதம் முதல் 5 வருடம் வரை ஜெயில், ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

போலீசுக்குப் போகும்முன் நாமே செய்யக்கூடியது நிறைய. முதல் அலையில் நம் மாநிலத்துக் குழுப் பெண்கள் மாஸ்க் தைத்துக் கொடுக்கவில்லையா? அதே கையால் நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு கொடுக்கலாம். அவர் மாமியாருக்கு மாத்திரை வாங்கித் தரலாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் நாலு பேராகப் போய்ப் பேசலாம். ஒரு குடம் தண்ணீரைப் பிடித்து வாசலில் வைத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் பேசிய அந்த அக்காவே கடைசியில், "நம்ம தெருவுல எத்தனை நர்சு இருக்காங்கன்னு கூட நமக்குத் தெரியாதே" என்றார். அடுத்த கூட்டத்துக்குள் கணக்கெடுத்து வருவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவரே முதல் கையெழுத்துப் போட்டார்.