ஆறு கால் இருந்தும் நான்கில் நடப்பவை

மக்கிய இலைச்சருகிலும் அதன் அடியிலுள்ள ஈர மண்ணிலும் வாழும் அசெரென்டோமிடே குடும்பத்துக் கணுக்காலிகள், அதாவது கணுக்களால் இணைந்த கால்களும் துண்டு துண்டாக அமைந்த உடலும் உடைய சிற்றுயிர்கள், பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் நீளத்தைக்கூட எட்டுவதில்லை. வெளிறிய, முனை கூர்ந்த இவ்வுடலில் கண்ணும் இல்லை, இறகும் இல்லை; பூச்சி என்றவுடன் நினைவுக்கு வரும் உணர்கொம்பும் இல்லை. அக்குறையை முன்கால்கள் ஈடுசெய்கின்றன: உணர்மயிர் நிறைந்த அவ்விரண்டையும் தலைக்கு முன்னே தூக்கிப் பிடித்துத் துழாவியபடி, எஞ்சிய நான்கு கால்களால் மட்டுமே இவை நடக்கின்றன.

இத்தாலியப் பூச்சியியல் அறிஞர் ஃபிலிப்போ சில்வெஸ்திரி 1907-இல் அசெரென்டோமான் என்ற பேரினத்தை விவரித்தபோதுதான் இக்குடும்பம் அடங்கிய புரோட்டுரா என்னும் வகுப்பே அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. காலடி மண்ணில் இருந்த உயிர் அத்தனை காலம் தப்பியதில் வியப்பில்லை. வெறுங்கண்ணால் மண்ணைக் கிளறி இதைப் பொறுக்குவது ஏறக்குறைய இயலாத செயல். அதே காலத்தில் மற்றொரு பூச்சியியல் அறிஞரான அந்தோனியோ பெர்லேசே அமைத்த புனல் இவ்வேலையை எளிதாக்கியது. புனலின் வாயில் வலையிட்டு, அதன்மேல் மண்ணைப் பரப்பி, வெப்பமூட்டினால், மண் உலர உலர, ஈரத்தை நாடும் உயிர்கள் கீழே இறங்கி, அடியில் வைத்த சாராயக் குப்பியில் விழுகின்றன.

பெர்லேசேயைக் குழப்பியது இவற்றின் வளர்ச்சி முறை. பூச்சி முட்டையிலிருந்து வெளிவரும்போதே வயிற்றுத் துண்டுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. இவையோ 9 துண்டுகளோடு பொரிந்து, தோலுரிக்கும் நிலைகளைக் கடந்து 10 ஆகி, முடிவில் 12-ஐ அடைகின்றன. மரவட்டை வளரும் விதமும் இதுவே என்பதால் அவர் இவற்றை அவ்வினத்தின் பக்கம் சேர்க்க முனைந்தார். சில்வெஸ்திரியோ தொன்மையான பூச்சிகளாகவே கொண்டார். இன்றைய வகைப்பாடு இருவரையும் முழுமையாக ஏற்கவில்லை: வாயுறுப்புகள் தலைக்குள் புதைந்திருப்பதால், ஆறுகாலிகளுக்குள்ளேயே, உண்மைப் பூச்சிகளுக்குப் புறம்பான தனி வகுப்பாக இவை வைக்கப்படுகின்றன.

உள்வாங்கிய அவ்வாயின் கூரிய உறுப்புகளால், மரவேர்களோடு கூடி வாழும் பூஞ்சை இழைகளின் சாற்றை இவை உறிஞ்சுகின்றன. உறவுக் குடும்பமான இயோசென்டோமிடேக்கு மார்பில் மூச்சுத்துளைகள் உண்டு. அசெரென்டோமிடேக்கோ துளையும் இல்லை, காற்றுக்குழலும் இல்லை, மெல்லிய தோல் வழியாகவே மூச்சு நடக்கிறது. மண் காய்ந்தால் இவை ஆழத்துக்கு இறங்கிவிடுவதற்கும் அதுவே காரணமாகலாம்.