மூடிய சிலையும் ஒரு தலைமுறையும்

ஆங்கிலோ-இந்தியர்கள் குடியேறி வாழ்வதற்கென்று மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் அளித்த நிலத்தில், டி. எஸ். ஒயிட் என்பவரின் முயற்சியால் 1882-இல் பிறந்த பெங்களூர் வைட்ஃபீல்ட், இன்று கணினித் தொழிலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வாசஸ்தலமாகியிருக்கிறது. வீட்டில் குறளும் பள்ளியில் கன்னடமும் பயிலும் அவர்களுடைய குழந்தைகளின் உள்ளத்தில் இவ்விரண்டும் சிநேகமாக வாழுமா, விரோதித்து நிற்குமா என்பதை நிர்ணயிப்பவர்கள் பெற்றோர் மட்டுமல்லர், ஆட்சியாளர்களுமே.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்யுமாறு இடைக்கால உத்தரவிட்டபோது, அன்றைய கர்நாடக முதல்வர் பங்காரப்பாவின் அரசு அதை ஏற்க மறுத்து அவசரச் சட்டமே பிறப்பித்தது. அச்சட்டம் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்து, டிசம்பரில் நடுவர் மன்ற உத்தரவு அரசிதழில் வெளியானதும் கர்நாடகத்தில் மூண்ட கலவரத்துக்கு அஞ்சி, ஆயிரக்கணக்கான தமிழர்கள் எல்லை கடந்து ஓடினார்கள். இரு மாநிலத்து உழவரின் கஷ்டமும் மெய்யே. ஆனால் ஆட்சிபீடத்தில் இருப்பவர் நியாயஸ்தலத்தின் சொல்லைப் புறக்கணிக்கையில், அண்டை வீட்டாரைப் பகைப்பதும் ஒருவகைத் தேசபக்தியே என்று தெருவில் நிற்பவன் அர்த்தம் செய்துகொள்கிறான். "வெளியே தமிழில் பேசாதே" என்று தாய் பிள்ளையின் காதில் ஓதும் பயம் அந்தப் பிள்ளைக்கு சம்ஸ்காரமாகவே ஊறிவிடுகிறது.

அதே ஆண்டில் அல்சூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிறுவிய திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. அவ்வாண்டு பிறந்த குழந்தை வாக்குரிமை பெறும் வயதை எட்டும்வரை, வள்ளுவரைக் குறித்து அந்நகரம் அதற்குப் போதித்தது அந்த மூடுதுணியைத்தான் என்று எண்ணும்போது என் நெஞ்சம் கனக்கிறது. 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி அச்சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார். நதிநீர் வழக்கு முடியாதிருந்த காலத்திலேயே இது நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வழக்கு வேறு, வன்மம் வேறு என்பதை இரு தலைவர்களும் காரியத்தில் காட்டினார்கள்.

எனினும் 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு மீண்டும் மூண்டபோது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. 2009-இல் மழலை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டது அந்தத் தீயைத்தான். முதல்வர்கள் ஒருங்கே நின்ற மேடையை அவர்கள் அறியார். விழா ஒரு நாளில் முடிந்துவிடும், பாடமோ ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளிடம் செல்லும். ஆதலால் சர்வக்ஞரின் திரிபதிகள் என்னும் மூவடிப் பாக்கள் தமிழகத்துப் பள்ளிகளிலும், குறள் கர்நாடகத்துப் பள்ளிகளிலும், அவரவர் தாய்மொழியில் அர்த்தத்தோடு போதிக்கப்பட வேண்டுமென்று இரு மாநில முதல்வர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.