கம்பத்தாட்டமும் கந்து வழிபாடும்

கொங்கு நாட்டு மாரியம்மன் விழாக்களில் நிகழும் கம்பத்தாட்டம், அயலார்க்கு வெறும் இரவுக் களியாட்டமாகத் தோன்றலாம். அதன் பொருளை உணர விழைவோர் ஆட்டத்திற்கு முன் கம்பத்தை நோக்குதல் வேண்டும்.

பூச்சாட்டுடன் விழா தொடங்கும். பின்னர், மூன்று கவர்களையுடைய மரமொன்றை வெட்டிக் கொணர்ந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை சாத்திக் கோயில் முன் நடுவர். அதனை அம்மனின் கணவனாகக் கருதுவது மக்கள் மரபு. காலையில் மகளிர் குடநீர் கொணர்ந்து கம்பத்திற்கு ஊற்றுவர். இரவில் ஆடவர் தப்பட்டை முழக்கிற்கேற்ப அடி பெயர்த்து அதனைச் சுற்றி ஆடுவர். விழா முடிவில் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விடுவர். ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிற் கம்பம் காவிரியையும், கரூர் மாரியம்மன் கோயிற் கம்பம் அமராவதியையும் சென்றடையும். அதனோடு ஆட்டமும் ஓயும்.

தூணில் தெய்வம் உறைவதாகக் கொள்ளும் வழக்கம் சங்க நூல்களிலும் உண்டு. கந்து நின்ற பொதியிலில் மாலை விளக்கேற்றி வழிபட்டமையைப் பட்டினப்பாலை கூறும். முருகன் உறையும் இடங்களுள் கந்து நின்ற இடத்தையும் திருமுருகாற்றுப்படை எண்ணும். இவை கொண்டு, கம்பம் கந்தின் வழித்தோன்றலே எனச் சிலர் முடிவு கட்டக்கூடும். ஒலியொப்புமையும் அதற்குத் துணையாகத் தோன்றும். ஆயின், அஃதொன்றே சான்றாகாது.

ஈண்டுக் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. புறநானூற்றின் 52ஆம் பாட்டில், தெய்வம் நீங்கிப் பலியும் ஒழிந்தபின் பொதியில் பாழ்படுகின்றது. முதியோர் சூதாடிய குழிகளில் கானக்கோழி முட்டையிடுகின்றது. தெய்வம் கைவிட்ட கந்து அங்கே எஞ்சி நிற்கின்றது. கொங்குக் கம்பமோ அவ்வாறு எஞ்சுவதில்லை. விழா முடிந்ததும் ஊராரே அதனைப் பெயர்த்து வழியனுப்புகின்றனர். கந்து நிலைத்த உறைவிடம். கம்பம் ஆண்டுதோறும் வந்து மீளும் வருகை. எனவே, வழிபாட்டுணர்வில் உறவு காணினும், இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது.

ஆட்டத்தின் இயல்பும் இதனால் விளங்கும். கம்பம் நிற்கும் நாட்களே ஆட்டத்தின் நாட்கள். கம்பமின்றி இதனை மேடையேற்றின் அடியும் தாளமும் எஞ்சும். யாரைச் சுற்றி, எதுவரை ஆடுகின்றனர் என்பது மறையும். ஆதலின், இதனைப் பதிவு செய்வோர் அடிவகைகளோடு அமையாது, மரத்தைத் தெரியும் முறை, நடும் நாள், நீர் ஊற்றுவோர், பிடுங்கும் பொழுது ஆகியவற்றையும் ஊர்தோறும் குறித்தல் வேண்டும். அவையின்றி எழுதப்படும் குறிப்பு ஆட்டத்தின் பாதியையே காக்கும்.