பிடித்த மீனுக்கு விடுதலை!

தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் காத்திருந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டினால் என்ன செய்வார்கள்? கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். ஆனால், பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு சந்தோஷமாக வீடு திரும்புகிறவர்களைத் தெரியுமா? அவர்களைப் பார்க்க அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குப் போவோம், வாங்க!

மழை திறக்கும் கதவு

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, பசிபிக் கடலோரத்தில் டேவன்போர்ட் என்றொரு சின்ன ஊர். அதன் அருகே கடலில் கலக்கிறது ஸ்காட் ஓடை. மலையில் பிறந்து, வானுயர்ந்த ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஓடி வரும் இதன் நீளம் 20 கிலோமீட்டர்கூட இல்லை!

கோடையில் ஓடையில் தண்ணீர் குறைந்துவிடும். அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். குளிர்காலத்தில் மழை கொட்டி, ஓடையில் வெள்ளம் வந்ததும் அந்த மணல்மேடு உடையும். கதவு திறந்த மாதிரி! அதற்காகவே கடலில் காத்திருக்கும் பெரிய மீன்கள் உள்ளே நுழையும். அவை கோஹோ சால்மன், ஸ்டீல்ஹெட் என்ற இரண்டு வகை மீன்கள்.

இந்த மீன்கள் பிறந்தது ஓடையில். வளர்ந்தது கடலில். முட்டையிடப் பிறந்த இடத்துக்கே திரும்பி வருகின்றன. இத்தனை பெரிய கடலிலிருந்து, தன் ஓடை எது என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? மூக்கால்தான்! ஒவ்வோர் ஓடையின் மண்ணுக்கும் செடிகொடிகளுக்கும் ஏற்ப அதன் தண்ணீருக்குத் தனி வாசனை உண்டு. குட்டியாக இருந்தபோது முகர்ந்த வாசனையை மீன் மறப்பதில்லை. ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் இதை ஆராய்ந்து சொன்னார்கள்.

நீலகிரியில் ஒரு சொந்தக்காரர்

ஸ்டீல்ஹெட் என்றால் 'எஃகுத் தலை' என்று அர்த்தம். இதன் சொந்தக்காரர் நம் நீலகிரியிலேயே இருக்கிறார், தெரியுமா? ஆங்கிலேயர் காலத்தில், 1907-ல் ஊட்டி அருகே அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்தார்களே 'ரெயின்போ டிரவுட்', அதுவும் இதுவும் ஒரே இனம்! ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட். கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பினால் ஸ்டீல்ஹெட். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று வருடக் கணக்கு

கோஹோவின் கதை கொஞ்சம் சோகமானது. சுமார் ஒன்றரை வருடம் ஓடையில், ஒன்றரை வருடம் கடலில். மூன்றாவது வயதில் திரும்பி வந்து, பெண் மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிடும். அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. ஆணும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல, முட்டையிட்ட பிறகும் சில பிழைத்துக் கடலுக்குப் போய், மறுபடி வரும்.

கோஹோவின் கணக்கை யோசித்துப் பாருங்கள். இந்த ஆண்டு ஓடைக்கு ஒரு கோஹோகூட வரவில்லை என்றால் என்ன ஆகும்? மூன்று ஆண்டு கழித்து வரவேண்டிய பிள்ளைகளும் இல்லை! அதற்கு மூன்று ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளும் இல்லை!

ஸ்காட் ஓடையில் அந்தப் பயம் நிஜமாகவே வந்தது. காடு வெட்டப்பட்டதாலும், பயிருக்கும் ஊருக்கும் தண்ணீர் எடுத்ததாலும், வறட்சியாலும் இந்தக் கடலோரம் முழுவதும் கோஹோ குறைந்துபோனது. 1996-ல் அமெரிக்க அரசு அதை ஆபத்தில் உள்ள மீன் என்று அறிவித்தது. 2005-ல் 'அழியும் நிலையில் உள்ளது' என்ற பட்டியலுக்கே மாற்றிவிட்டது. வட அமெரிக்காவில் கோஹோ தொடர்ந்து வாழ்ந்துவரும் ஓடைகளில் மிகத் தெற்கே இருப்பது ஸ்காட் ஓடைதான். இங்கே அழிந்தால், தெற்கு எல்லையே அழிந்த மாதிரி.

துடுப்பைப் பார், தீர்ப்புச் சொல்!

அதனால்தான் இந்தப் பகுதி ஓடைகளில் மீன் பிடிக்க ஏகப்பட்ட சட்டங்கள். குளிர்காலத்தில் சில மாதங்கள், அதிலும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் அனுமதி. தண்ணீர் குறைந்திருந்தால் அதுவும் கிடையாது. போகும் முன் போன் செய்து, 'இன்று ஓடை திறந்திருக்கிறதா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோஹோவைப் பிடிக்கவே கூடாது. தவறி மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும்.

ஸ்டீல்ஹெட்? அதற்கு ஒரு சோதனை உண்டு. மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் நகத்தளவில் ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். பொரிப்பகத்தில் வளர்த்த ஸ்டீல்ஹெட்டுக்கு, குட்டியிலேயே அந்தத் துடுப்பை வெட்டி அடையாளம் வைத்துவிடுவார்கள். ஆக, துடுப்பு இருந்தால் அது ஓடையிலேயே பிறந்த மீன். விட்டே ஆக வேண்டும்!

விடுவதிலும் பாடம் இருக்கிறது. தூண்டில் முள்ளில், மீன் நழுவாமல் இருக்க ஓர் எதிர்முள் இருக்கும் அல்லவா? அது இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். மீனின் உடம்பில் உள்ள வழவழப்பு அதை நோயிலிருந்து காக்கும் கவசம். காய்ந்த கை பட்டால் உரிந்துவிடும். அதனால் கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது. அதன் தலையை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி மெல்லப் பிடித்தால், அது மூச்சு வாங்கிக்கொண்டு தானாகவே நழுவிப் போய்விடும். முட்டைக் குழிகளை மிதித்துவிடாமல் பார்த்து நடப்பதும் முக்கியம்.

தீயிலும் தப்பியவை

ஸ்காட் ஓடையின் கிளையான பிக் ஓடையில் ஒரு சின்னப் பொரிப்பகம் இருக்கிறது. மீன்பிடிப்பவர்களும் தொண்டர்களும் சேர்ந்த ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. கோஹோ குட்டிகளை வளர்த்து ஓடையில் விடுவதுதான் வேலை. 2020 ஆகஸ்டில் மின்னல் தாக்கி மூண்ட பெரும் காட்டுத்தீ அங்கேயும் வந்தது. காடு எரிந்தது, பொரிப்பகமும் சேதமானது. பிழைத்த மீன்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

மீன் பிடிக்கிறவர்களே மீனை வளர்ப்பதா என்று கேட்கிறீர்களா? மீன் இருந்தால்தானே பிடிக்க முடியும்! இன்று கையிலிருந்து நழுவிப் போகும் ஒரு மீன், நாளை அதே ஓடையில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இடலாம். அடுத்த மழையில் மணல்மேடு உடையும்போது, கதவுக்கு வெளியே காத்திருக்க யாராவது இருக்க வேண்டாமா? சொல்லுங்க குட்டீஸ்!

கண்டுபிடிங்க பார்க்கலாம்!

மாட்டியது கோஹோவா, ஸ்டீல்ஹெட்டா? வாயைப் பாருங்கள். ஸ்டீல்ஹெட்டின் வாய் உள்ளே வெள்ளையாக இருக்கும். கோஹோவுக்குப் பல்லடியில் ஈறு மட்டும் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு!